லாங் ரைடு பாதியில நின்னுபோச்சு, யாரைக் கேக்கறது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் சார். நாலு நாள்ல 1,800 கி.மீ. பைக்ல போயிட்டு வரலாம்னு பிளான். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபுல் சர்வீஸ் விட்டேன், கூடவே புது செயின் செட், ரெண்டு எல்இடி ஃபாக் லைட், ஹேண்டில்பார்ல ஃபோன் சார்ஜர் எல்லாம் போட்டேன். முதல் நாளே 300 கி.மீ. தாண்டினதும் பின்னாடி கடகடன்னு சத்தம், நிறுத்தி பாக்கறதுக்குள்ள செயின் கழண்டு விழுந்திருச்சு. எப்படியோ சரி பண்ணி கிளம்பினா அடுத்த நாள் மழை, வாட்டர்ப்ரூஃப்னு வாங்கின சேடில் பேக் உள்ள துணி பூரா ஈரம். மூணாவது நாள் காலைல செல்ஃப் எடுக்கல, பேட்டரி டெட். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருக்கோமேன்னு ஃபோன் பண்ணா தூரம் அதிகம் அதனால தனியா காசுன்னுட்டாங்க. கடைசில வண்டிய லாரில ஏத்திக்கிட்டு திரும்பி வந்தேன். சர்வீஸ் சென்டர்ல போய் கேட்டா "நீங்க ஓட்டின விதம் அப்படி"ங்கறாங்க. பேசாம இதை வித்துட்டு பெரிய அட்வென்ச்சர் பைக் வாங்கிடலாமான்னு இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல, வண்டிய விக்காதீங்க. நீங்க எழுதினதுல இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எதுவும் உங்களைக் கைவிடல, நின்னுபோனது எல்லாமே கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு நாள்ல மாட்டின சாமானும் வாங்கின சாமானும்தான். பெரிய பைக் வாங்கினாலும் அதே ரெண்டு நாள்ல அதே மாதிரி மாட்டினா இதேதான் நடக்கும், பில் மட்டும் பெருசா வரும்.

செயின் விஷயம்தான் பெருசு, அதுல உங்க பக்கம் நியாயம் இருக்க வாய்ப்பு அதிகம். செயினோட ரெண்டு முனையையும் சேக்கற லிங்க்ல யூ ஷேப்ல ஒரு சின்ன க்ளிப் இருக்கும், செயின் லாக்னு சொல்வோமே அதான். அதோட மூடின பக்கம் செயின் ஓடற திசைய பாத்து இருக்கணும், திறந்த பக்கம் முன்னால வந்துட்டா எதுலயாவது உரசி கழண்டுரும். அடுத்தது டைட். செயின் தொய்வு எவ்வளவு இருக்கணும்னு மேனுவல்லயே, பல வண்டில ஸ்விங்ஆர்ம் (பின் வீல தாங்கற கம்பி) ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், நிறைய ரோடு பைக்குக்கு அது சுமார் 25-35 மி.மீ. வாக்குல இருக்கும், ஆனா உங்க வண்டிக்கு என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. சும்மா நிக்கற வண்டில தொய்வே இல்லாம இழுத்து வெச்சுட்டா, ஆளும் லக்கேஜும் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினதும் இன்னும் இறுகி செயினையும் பேரிங்கையும் சேத்து கெடுக்கும். இது ரெண்டுமே மாட்டின ஆள் பாக்க வேண்டியது. புது செயின் முதல் சில நூறு கி.மீ.ல கொஞ்சம் நீளும், அப்ப ஒருதடவை தொய்வு பாக்கணும், அதை அவங்க சொல்லியிருக்கணும், நீங்களும் நிறுத்தி பாத்திருக்கணும். இந்த ஒரு பாயிண்ட்ட வெச்சுத்தான் அவங்க உங்க மேல திருப்புவாங்க, தயாரா இருங்க.

"ஓட்டின விதம்"னு வாயால சொன்னா விடாதீங்க. எந்த விதத்துல ஓட்டினா லாக் கழலும்னு எழுத்துல கேளுங்க. கேக்கும்போது கைல இருக்க வேண்டியது: செயின் செட் மாட்டினதுக்கான ஜாப் கார்டு (என்ன வேலை செஞ்சாங்கன்னு சர்வீஸ் சென்டர் குடுக்கற சீட்டு), அதுல இருக்கற ஓடோமீட்டர் ரீடிங், கழண்ட இடத்துல எடுத்த ஃபோட்டோ, வழில சரி பண்ணின மெக்கானிக் குடுத்த பில்லு. அவர்கிட்ட பேசி என்ன பாத்தார்னு ரெண்டு வரி எழுதி வாங்கினீங்கன்னா அதுக்கு நல்ல மதிப்பு உண்டு. கழண்ட செயினையோ பழைய லிங்கையோ "செக் பண்ணிட்டு தர்றோம்"னு கேட்டா ஃபோட்டோ எடுத்துட்டு, வாங்கிக்கிட்டோம்னு சீட்டு வாங்கிட்டுத்தான் குடுக்கணும், போன சாமான் திரும்பி வராது. சர்வீஸ் சென்டர் அசையலன்னா வண்டி கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு மெயில், அதுக்கும் மேல நுகர்வோர் புகார் அமைப்பு. ஃபோன்ல கத்தறதால ஒண்ணும் ஆகாது, மெயில்ல தேதியோட இருக்கறதுதான் நிக்கும்.

ஒண்ணு கேக்க மறந்துட்டேனே, செயின் செட் அந்த சர்வீஸ் சென்டர்லயே வாங்கினீங்களா, இல்ல ஆன்லைன்ல வாங்கிட்டு போய் மாட்டச் சொன்னீங்களா? ரெண்டாவதுன்னா கேஸ் கொஞ்சம் வீக். மாட்டினவர் சாமான் சரியில்லம்பார், வித்தவர் மாட்டினது சரியில்லம்பார், நீங்க நடுவுல நிப்பீங்க. கொஞ்சம் கூட ஆனாலும் செயின், டயர், பிரேக் பேட் இந்த மூணையும் வாங்கற இடத்துலயே மாட்டிக்கறதுதான் என் வழக்கம், ஒரே பில்லு, ஒரே ஆள் பதில் சொல்லணும்.

பேட்டரிய மாத்தறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, லாங் ரைடு ஆசை இருக்கறவங்க ஜாக்கெட்டுக்கு முன்னாடி வாங்க வேண்டிய சாமான் அது. ஃபுல் சார்ஜ் ஆகி ராத்திரி பூரா சும்மா நின்ன பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டணும். இன்ஜின ஓடவிட்டு கொஞ்சம் ரெவ் பண்ணினா 13.5-லேர்ந்து 14.5 வரைக்கும் காட்டணும், 13-க்கு கீழயே நின்னா சார்ஜ் ஏறல, 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் (வோல்ட்டேஜ கட்டுக்குள்ள வெக்கற பாகம்) போயிருச்சு, அது பேட்டரியவே வறுத்துரும். ரெண்டுமே சரியா இருந்தா எனக்கு சந்தேகம் அந்த சார்ஜர் மேலயும் ஃபாக் லைட் மேலயும்தான். சாவிய எடுத்த அப்புறமும் சார்ஜர்ல குட்டி லைட் எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா அது நேரா பேட்டரில குடுத்தது, ராத்திரி பூரா சொட்டு சொட்டா குடிச்சுக்கிட்டிருக்கும். இக்னிஷன் லைன்லேர்ந்து ரிலே (சாவி போட்டாத்தான் கரண்ட் விடற சுவிட்ச்) வெச்சு, பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போட்டு குடுக்கச் சொல்லுங்க. ஃபாக் லைட்டுக்கும் கணக்கு இருக்கு, வண்டியோட ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கற பாகம்) குடுக்கற வாட்ஸ்ல பெரும்பகுதி ஹெட்லைட், ஃப்யூயல் பம்ப், ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்தற குட்டி கம்ப்யூட்டர்)ன்னு வண்டிக்கே போயிடும், மிச்சம் இருக்கறதுக்குள்ளதான் நம்ம ஆசையெல்லாம். வயரிங்க வெட்டி ஒட்டியிருந்தா எலெக்ட்ரிக்கல் வாரண்டி கிளெய்ம்ல முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும், அதனால கம்பெனி கப்ளர்ல (வயர் சேக்கற சாக்கெட்ல) சொருகற மாதிரி வர்ற கிட் வாங்கினா நல்லது.

பேக் பத்தி சுருக்கமா. துணி வாட்டர்ப்ரூஃபா இருக்கும், தையல்ல தண்ணி இறங்கும், ஜிப்ல இறங்கும். தைக்காம சூடு வெச்சு ஒட்டின ஜாயிண்ட், வாய மூணு நாலு சுத்து சுருட்டி பூட்டற ரோல்-டாப், இது ரெண்டும் இருந்தாத்தான் நம்பலாம். தண்ணிய எவ்வளவு தாங்கும்னு காட்டற ரேட்டிங் ஐபிஎக்ஸ்4-ன்னு போட்டிருந்தா அது தெறிக்கற தண்ணிக்கு மட்டும், வண்டி வேகத்துல அடிக்கற மழைக்கு ஐபிஎக்ஸ்6 தேடுங்க. வாங்கினதும் டேக் வெட்டறதுக்கு முன்னாடி உள்ள பழைய பேப்பர வெச்சு ஹோஸ் பைப்ல பத்து நிமிஷம் தண்ணி அடிச்சு பாருங்க, திருப்பிக் குடுக்கற நாள் முடியறதுக்குள்ள. நீங்க வாங்கின வெப்சைட் பக்கத்துல வாட்டர்ப்ரூஃப்னே போட்டிருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அவங்க அதை வாட்டர் ரெசிஸ்டன்ட்னு மாத்தறதுக்கு ஒரு நிமிஷம் போதும்.

ரோடுசைடு அசிஸ்டன்ஸ்ல அவங்க பண்ணினது கடுப்பா இருந்தாலும் பாலிசில எழுதியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த தடவை எடுக்கும்போது எத்தன கி.மீ. ஃப்ரீ, எங்கேர்ந்து எங்க வரைக்கும், பக்கத்து ஒர்க்ஷாப்புக்கா இல்ல நீங்க சொல்ற இடத்துக்கா, கயிறு கட்டி இழுப்பாங்களா இல்ல மேல ஏத்திக்கிட்டு போவாங்களா, பஞ்சருக்கு வருவாங்களா, இதெல்லாம் கேட்டு மெயில்ல பதில் வாங்குங்க.

அட்வென்ச்சர் பைக் ஆசை தப்பில்ல, ஆனா நிறைய மாடல்ல ஸ்போக் வீல், ட்யூப் டயர், பஞ்சர் ஆனா வீல கழட்டித்தான் ஆகணும். வெயிட்டும் கூட. தனியா போறவர்னா கீழ விழுந்த வண்டிய ஒத்தை ஆளா தூக்க முடியுதான்னு டெஸ்ட் ரைடு அன்னிக்கே யோசிங்க. ஒரு வருஷம் இதே வண்டில, கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சர்வீஸ் முடிச்சு, பக்கத்துல ஒரு 200 கி.மீ. லக்கேஜோட ஓட்டிப் பாத்துட்டு போயிட்டு வாங்க, அப்புறமும் ஆசை இருந்தா வாங்கிக்கலாம்.

கேள்வி: ரைடுக்காக புது பின் டயர் வாங்கினேன். சைடுல 2319-ன்னு இருக்கு. இது பழைய டயர்ங்கறான் ஃப்ரெண்டு. கடைக்காரர் அதெல்லாம் பேட்ச் நம்பர்ங்கறார். யார் சொல்றது சரி?

பதில்: ஃப்ரெண்டு சொல்றதுதான். டயர் சைடுல டாட் (DOT)னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பர்ல முதல் ரெண்டு நம்பர் எந்த வாரம்னும், அடுத்த ரெண்டு நம்பர் எந்த வருஷம்னும் சொல்லும், அதாவது 2019-ல 23-வது வாரம் செஞ்ச டயர். ஓட்டாம குடோன்ல கிடந்தாலும் ரப்பர் மெல்ல இறுகிக்கிட்டேதான் இருக்கும், ஈர ரோட்ல பிடிமானம் குறையும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் செக் பண்ணணும், பத்து வருஷத்துல பாக்க நல்லா இருந்தாலும் மாத்திரணும்னு சில டயர் கம்பெனிகளே சொல்றாங்க. புது டயர் விலை குடுத்திருக்கீங்க, மாத்திக் கேளுங்க. பேட்ச் நம்பர்னு சொன்னதையே பில்லு மேல எழுதி கையெழுத்து போடச் சொல்லுங்க, பெரும்பாலும் அந்த இடத்துலயே வேற டயர் எடுத்துட்டு வந்துருவார். மாத்தும்போது சைடுல இருக்கற அம்புக்குறி வீல் சுத்தற திசைல இருக்கான்னும் பாத்துக்கங்க, முதல் 150 கி.மீ. வரைக்கும் வளைவுல சாய்க்காதீங்க, புது டயர் வழுக்கும்.

கேள்வி: ஃபோன ஹேண்டில்பார் மவுண்ட்ல வெச்சு மேப் பாத்துக்கிட்டு போனேன், திரும்பி வந்ததுலேர்ந்து கேமரா ஃபோகஸ் ஆகாம ஆடிக்கிட்டே இருக்கு. வாரண்டில வருமா?

பதில்: கஷ்டம்தான். இப்ப வர்ற நல்ல ஃபோன் கேமராவுல லென்ஸு காந்தத்துல மிதந்து நம்ம கை நடுக்கத்த சரிக்கட்டும், பைக் இன்ஜின் அதிர்வு மணிக்கணக்கா பட்டா அது கெட்டுரும். ஆப்பிள் கம்பெனியே 2021-ல இதை வெளிப்படையா எழுதி, பெரிய பைக்ல ஃபோன மாட்டாதீங்கன்னு எச்சரிச்சிருக்கு. மவுண்ட் வித்தவர் "எல்லா ஃபோனுக்கும் பாதுகாப்பு"ன்னு விளம்பரத்துல போட்டிருந்தா ஃபோன் கம்பெனிய விட அவரைக் கேக்கறதுல அர்த்தம் இருக்கு. மேப் மட்டும்தானே வேணும், வீட்ல சும்மா கிடக்கற பழைய ஃபோன்ல ஆஃப்லைன் மேப் இறக்கி அதை மாட்டுங்க.