அந்த ஒரு ‘உம்’

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. புத்தகத்தின் முன் பத்து நிமிடம் உட்காரமாட்டாள், சோம்பேறி. பள்ளியில் நடந்த கண் பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவரிடம் காட்டும்படி ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். நான்கு மாதமாகிறது. தரையில் கிடக்கும் குண்டூசியைக்கூடக் கண்டெடுத்துத் தருகிறாள். இந்த வயதில் கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார் மாமியார். என் கணவருக்கும் சிறு வயதிலிருந்தே ஒரு கண் மங்கல்தான், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறான். மகளுக்குப் படிப்பில் கவனம் வர என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ‘என் கணவருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘உம்’ எங்கிருந்து வந்தது? மகளுக்கு ஒரு கண்ணில் குறை இருக்கலாம் என்று உங்கள் மனதுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. பேனா ஒப்புக்கொண்டுவிட்டது, நீங்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் நன்றாகத்தான் இருக்கிறாராம். இருக்கிறார், ஒற்றைக் கண்ணை நம்பி. அந்தக் கண்ணில் நாளை ஒரு அடி பட்டால் என்ன செய்வார் என்று யோசித்ததுண்டா? அவருக்கு என்ன கோளாறு என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் சிறு வயதிலிருந்தே ஒரு கண் மட்டும் மங்கல் என்றால், மருத்துவர்களுக்கு முதலில் எழும் சந்தேகங்களில் ஒன்று ‘சோம்பேறிக் கண்’. பெற்றோருக்கு அதுவோ மாறுகண்ணோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

சோம்பேறி என்ற பட்டத்தை உங்கள் வீட்டில் மகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கண்ணுக்கும் அந்தப் பெயர் பொருந்தாது. இரண்டு கண்களின் பவரும் பெரிதும் வேறுபட்டால், மூளைக்கு ஒரு தெளிந்த படமும் ஒரு கலங்கிய படமும் போகின்றன. வளரும் மூளை தெளிந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறது. ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண்ணால் பார்க்கவே அது கற்றுக்கொள்வதில்லை. பெரியவரான பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பார்வை முழுதாகத் தெளியாமல் போவது இதனால்தான்.

குண்டூசியை அவள் நல்ல கண்ணால் எடுத்திருக்கலாம். மங்கலாகத் தெரிகிறது என்று எந்தக் குழந்தையும் வந்து சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு வேறு பார்வை தெரியாதே! அதனால்தான் ஒவ்வொரு கண்ணாக மறைத்துச் சோதிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எழுந்து ஓடுவதற்கும் கண்ணில் காரணம் இருக்கலாம். தூரப்பார்வை உள்ள குழந்தை கண்ணின் உள் தசையை இறுக்கித்தான் எழுத்தைத் தெளிவாக்கிக்கொள்கிறது. சீக்கிரம் களைத்தும் போகிறது. அந்தத் தசையைத் தளர்த்தி உண்மையான பவரை அறிவதற்காகச் சொட்டு மருந்து விடுவார்கள். அன்று வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். அதற்குப் பயந்து பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

கோளாறு இருந்தால் கண்ணாடி தருவார்கள். தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடிவைக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும், குழந்தை அழும், நீங்கள் இளகக் கூடாது. 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிறகும் சிலருக்குப் பலன் கிடைப்பதுண்டு, ஆனால் மெதுவாக. உங்கள் மகளுக்கு 6. நான்கு மாதங்களை வீணாக்கிவிட்டீர்கள்.

கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. கிட்டப்பார்வை கூடுவது, குழந்தை வளர வளர விழி அளவுக்கு மீறி நீள்வதால். கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் அது நீளும். ஆனாலும் உங்கள் மாமியாரை நான் திட்டப்போவதில்லை. அவர் மகன் சிறுவனாக இருந்தபோது அவர் கையில் யாரும் சீட்டு கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் கையில் கொடுத்தார்கள்.

குடும்பத்தில் இருக்கும் குறையை மூடிவைப்பதைக் கௌரவம் என்று நினைக்கும் வீடுகள் எனக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கின்றன. எனக்கு அதில் துளியும் பொறுமை இல்லை. யாருக்கு என்ன கோளாறு என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைப்பது, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவைப்பதைப் போன்ற கடமை.

சின்னவனையும் தூக்கிக்கொண்டு போங்கள். எழுத்துத் தெரியாத குழந்தையையும் விழியில் ஒளி பாய்ச்சிச் சோதிக்க முடியும். குறை இல்லை என்றாலும் 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் ஒருமுறையும், பள்ளியில் சேர்ந்த பின் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் ஆண்டுதோறும், மருத்துவர் சொன்னால் அதற்கு முன்பும். குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஒளி தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

படிப்பில் கவனம் வருவதைப் பற்றி இப்போது பதில் சொல்லமாட்டேன். பரிசோதனை முடிந்த பிறகு கேளுங்கள். இந்த வாரமே போங்கள், கணவரும் வர வேண்டும். அவரை முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படிக்கத் திணறுவதை மகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்து அவளாகவே ஏறி உட்காருவாள்.