தெருக்கோடி வரைக்கும் தண்ணீர், வாறுகாலுக்கு வராத கழிவு: நெல்லைக் கிராமங்களின் கேள்விகளும் பதில்களும்

குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழியும் ஒரே மண்ணுக்குள்தான் கிடக்கின்றன. ஒன்றில் கை வைத்தால் மற்றதையும் பார்த்தே ஆக வேண்டும். அதனால் இரண்டு வகைக் கேள்விகளையும் பிரிக்காமல், வந்த வரிசையிலேயே பதில் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (மானூர் பக்கம், வார்டு உறுப்பினர்): அண்ணாச்சி, எங்க ஊர்ல 300 வீடு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கு. வீட்டுக்கு வீடு குழாய் குடுத்த பொறவு கீழத்தெரு கடைசி நாப்பது வீட்டுக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்கு. இன்னொரு தொட்டி கட்டணும்னு தீர்மானம் போடச் சொல்லுதாவ. போடலாமா?

பதில்: தீர்மானத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கணக்கு. வீட்டுக்கு நாலரைப் பேர் என்று வைத்தால் 1,350 பேர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஊருக்கு மொத்தம் 74,250 லிட்டர். உங்கள் தொட்டியை நாளைக்கு இரண்டரைத் தடவை நிரப்பினால் வந்துவிடும். மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றும் மோட்டார் என்றால் ஏழரை மணி நேரம் ஓட வேண்டும். அவ்வளவு நேரம் ஓடியும் கீழத்தெருவுக்கு வரவில்லை என்றால் குறை தொட்டியில் இல்லை, குழாயில் இருக்கிறது.

தொட்டியிலிருந்து இறங்கி வரும் குழாய் எத்தனை இஞ்ச் என்று பாருங்கள். காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் திறந்தால் பாதி ஊருக்கு வினாடிக்கு 2.6 லிட்டர் போக வேண்டும். அது 63 எம்.எம். குழாயில் அரை கிலோமீட்டர் போனால் உராய்விலேயே குறைந்தது 9 மீட்டர் அழுத்தம் (தண்ணீர் எழும்பும் உயரக் கணக்கில்) செத்துவிடும். தொட்டியின் அடிமட்டம் 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் மிஞ்சுவது 3 மீட்டர். கடைசி வீட்டில் 7 மீட்டர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதே தண்ணீர் 90 எம்.எம். குழாயில் போனால் இழப்பு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். புதுத் தொட்டிக்கு ஆகும் செலவில் சிறு பங்கை வைத்தே அந்த ஓட்டத்தை 90 எம்.எம். ஆக மாற்றிவிடலாம்.

குழாய் மாற்றும் முன்னால் கசிவைப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்குத் தொட்டியை நிரப்பி, வெளியேறும் வால்வை அடைத்து ஒரு மணி நேரம் மட்டத்தை அளந்தால் தொட்டியே கசிகிறதா என்று தெரியும். பிறகு வால்வைத் திறந்து, எல்லா வீட்டிலும் குழாயை அடைக்கச் சொல்லி 4 மணி வரை மட்டத்தைக் குறியுங்கள். உள்விட்டம் 4 மீட்டர் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 125 லிட்டர் போயிருக்கிறது. தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தால், எந்தத் தெருவை அடைக்கும்போது இறக்கம் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் வீட்டு இணைப்பு எடுத்த சேடில் (தெருக் குழாயைக் கவ்வும் இணைப்பு) பக்கத்திலேயே இருக்கும்.

மூன்றாவது விஷயம், மேலத்தெருவில் குழாயோடு நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. இது தண்ணீர்த் திருட்டு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கீழே போகும். பக்கத்தில் வாறுகால் (தெருவோரச் சாக்கடை) ஓடினால், தண்ணீர் வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் மட்டும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஊரை இரண்டு பகுதியாகப் பிரித்து கேட் வால்வு போட்டு, கீழத்தெருவுக்கு முதலில் திறந்துவிடுங்கள். கடைசி வீட்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் மோட்டார் வைக்கும் அவசியமே பாதி குறைந்துவிடும்.

கேள்வி (அதே ஊர், தண்ணி திறந்து விடுபவர்): பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்? கூடப் போட்டா நாத்தம்னு ஏசுதாவ, கொறையப் போட்டா ஆபீசர் ஏசுதாவ.

பதில்: நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். உங்கள் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பி அரை மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைச் சேர்த்துக் கொட்டினால் வால்வு அடைக்கும், நாற்றமும் அதனால்தான் ஒரு இடத்தில் கூடுகிறது. தொட்டி நிறையும்போது ஊற்றினால் தானே கலந்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

அளந்து பார்க்க வேண்டிய இடம் தொட்டி அடி இல்லை, தெருக்கோடி. கடைசிக் குழாயில் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளக்கும் கருவி) லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டினால் சரி. காட்டவில்லையா, ஒன்று பவுடர் பழையது, அல்லது குழாய்க்குள் அழுக்கு இறங்குகிறது. புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். வாய் திறந்த சாக்கு பம்பு ரூம் ஈரத்தில் கிடந்தால் வேகமாகச் செத்துப்போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு ஆறரை கிராம் வேண்டும்.

கேள்வி (நாங்குநேரி பக்கம்): போர் மோட்டார் ஒவ்வொரு கோடையிலயும் காயில் எரியுது. கட்டிக் கட்டிப் பாத்தாச்சு. பெரிய ஹெச்.பி. போட்டா நிக்குமா?

பதில்: நிற்காது, இன்னும் சீக்கிரம் எரியும். சித்திரை, வைகாசியில் போரில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெறும் காற்றில் ஓடுகிறது. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. பெரிய மோட்டார் இன்னும் வேகமாகப் போரைக் காலி செய்யும். மணிக்கு 10,000 லிட்டரை மொத்தம் 60 மீட்டர் தூக்க 5 ஹெச்.பி. போதும். அதற்கு மேல் போட்டிருந்தால் குறையுங்கள். பேனல் போர்டில் டிரை ரன் தடுப்பும் (தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்துவது) சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டரும் (ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவது) கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனது தெரியாமல் ஓடித்தான் பாதி மோட்டார்கள் எரிகின்றன. ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கே வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ரிலேயைத் திருகி ஏற்றிவிடுகிறார்களே, அந்தத் திருகலில்தான் காயில் போகிறது.

கேள்வி (களக்காடு பக்கம், மகளிர் குழு): புதுக் குழாய் பதிக்காவ. ஒரு அடி ஆழத்துல, வாறுகால் ஓரமாவே போட்டு மூடிட்டுப் போறாவ. நாங்க என்ன சொல்லணும்?

பதில்: மூடும் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். நேரில் நின்று அளக்க வேண்டியவை இவை. குழாயின் மேல் குறைந்தது 3 அடி மண் இருக்க வேண்டும். ஒரு அடியில் போட்டால் டிராக்டரும் தண்ணீர் லாரியும் ஏறி ஜாயிண்ட் விடும். சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். தெரு குறுகலாக இருந்தால் வாறுகாலுக்கு எதிர் ஓரத்தில் பதிக்கட்டும். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டிய இடத்தில், கழிவுக் குழாய்க்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் குடிநீர்க் குழாய் போக வேண்டும், அந்த இடத்தில் ஜாயிண்ட் வரக் கூடாது. திறந்த வாறுகாலுக்குள்ளேயே வீட்டு இணைப்பைப் படுக்க வைத்துக் கொண்டு போவதை ஒரு வீட்டுக்குக்கூட அனுமதிக்காதீர்கள்.

உங்கள் பக்கம் பாறையும் சரளையும் அதிகம். பள்ளத்தின் அடியில் 10 சென்டிமீட்டர் மணல் பரப்பி அதன்மேல் குழாயை வைக்க வேண்டும். கூர்க்கல் மேல் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் சில வருஷத்தில் அந்தப் புள்ளியிலேயே பிளக்கும். கடைசியாக, ஜாயிண்டுகளை மட்டும் திறந்து வைத்து, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மூடட்டும். எந்த வால்வு எந்த வீட்டு வாசலிலிருந்து எத்தனை அடி என்று ஒரு படம் வரைந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வைத்தால், நாளைக்கு ரோடு போடும்போது வால்வு புதைந்து போகாது.

கேள்வி (தாமிரபரணிக் கரை ஊர்): 2023 டிசம்பர் வெள்ளத்துல ஊர்ப் பொதுக்கிணறு முங்கிப் போச்சு. இனிமே அப்பிடி வந்தா எப்பிடிச் சுத்தம் பண்ணணும்?

பதில்: வெள்ளம் வடிந்ததும் சேற்றை இறைத்து எடுங்கள். ஊறி வந்த தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் 4 கிலோ சொச்சம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிவை ஊற்றி 12 மணி நேரம் விடுங்கள். பிறகு வாடை போகும் வரை இறைத்துக் கொட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குளத்திலோ கால்வாயிலோ விட்டால் மீன் சாகும், தரிசில் விடுங்கள். கிணற்றின் சுற்றுச்சுவரை இந்த வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவதுதான் நிலையான வேலை.

கேள்வி (முக்கூடல் பக்கம்): டவுன்ல இருக்க மாதிரி பாதாளச் சாக்கடை எங்க ஊருக்கும் வேணும்னு பிள்ளைக கேக்காவ. 300 வீட்டுக்கு முடியாதா?

பதில்: முடியாது என்பதைவிட, வேண்டாம் என்பேன். பாதாளச் சாக்கடை மலத்தைத் தள்ளிக்கொண்டு ஓட ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டராவது தண்ணீர் புழங்க வேண்டும். 55 லிட்டர் கொடுக்கும் ஊரில் சாக்கடையில் இறங்குவது ஆளுக்கு 44 லிட்டர். வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் இல்லாவிட்டால் கசடு குழாயிலேயே படியும். அப்புறம் யாராவது ஒருவரை உள்ளே இறக்கும் நிலை வரும். வாட்டமும் பாருங்கள். 150 எம்.எம். குழாய்க்கு 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். தெரு 600 மீட்டர் என்றால் முடிவில் 6 மீட்டர் ஆழம். ஆற்றுப் பாசன ஊரில் அவ்வளவு தோண்டினால் ஊற்றுத்தான் வரும், பிறகு பம்பு, பிறகு கரண்டு பில்.

வீடு நெருக்கமாகி, குழிக்கு இடமே இல்லாத தெருக்களுக்கு வேறு வழி உண்டு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் கசட்டைப் பிடித்து வைக்கும். தெளிந்த தண்ணீர் மட்டும் 100 எம்.எம். குழாயில் ஊர்க்கோடிக்குப் போகும். கசடு இல்லாததால் வாட்டம் குறைவாகப் போதும், ஆழமும் வேண்டாம். கோடியில் கல்வாழையும் நாணலும் வைத்த சரளைப் படுகை. அதற்கு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். உங்கள் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் முதல் மூன்றில் இரண்டு பங்கு ஏக்கர் வரை பிடிக்கும். அந்த இடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு குழாயைப் பேசுங்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி பக்கம்): செப்டிக் டேங்க்னு சொல்லி கொத்தனார் ஏழு உறை இறக்கிக் குடுத்தாரு. ஐப்பசி, கார்த்திகையில நெறஞ்சு பொங்குது.

பதில்: அது செப்டிக் டேங்க் இல்லை, வெறும் உறைக்குழி. நஞ்சை ஊரில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்தக் குழிக்குள் ஏறும். உங்கள் கழிவும் அதே நீரில் கலந்து பக்கத்து அடிபம்புக்குப் போகும். உங்கள் மண்ணுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறையும் ஒத்துவராது. மழைக்கால நீர்மட்டம் குழியின் அடிக்கு 2 மீட்டர் கீழே நிற்கும் மேட்டு ஊர்களுக்குத்தான் அது நல்லது.

தரை, சுவர் எல்லாம் உள்பூச்சுப் பூசிய, கசியாத தொட்டி கட்டுங்கள். 5 பேருக்கு உள்ளளவு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.05 மீட்டர், அதன்மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். 10 பேருக்கு 2 மீட்டர், 0.9 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர். இந்த அளவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வைக்காமல் விட்டால் மிதக்கும் கசடு நேராக வெளியே போய்விடும். காற்றுக் குழாய் வீட்டுக் கூரைக்கு மேலே போக வேண்டும், கொசுவலை கட்ட வேண்டும். வெளியேறும் தண்ணீருக்குத் தரைக்கு மேலே மண் மேடிட்டு, அதற்குள் சரளை பரப்பி, மேலே வாழையோ கல்வாழையோ வையுங்கள். வாறுகாலில் விடாதீர்கள். ஆற்றுப் பாசனக் கால்வாயில் சேரும் வாறுகால் தண்ணீர் அடுத்த ஊர் படித்துறைக்குத்தான் போகிறது.

கேள்வி (வள்ளியூர் பக்கம்): டேங்கை அள்ளுறதுக்கு ஆள் வருது. லாரிக்குப் பாதிக் காசுதான் கேக்காவ. எறக்கலாமா?

பதில்: கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் பொறுப்பு. 2023-ல் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. டேங்குக்குள் நிற்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மூக்கின் உணர்வைக் கொன்றுவிடும். வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் அங்கேயே விழுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே போவார். ஒரு உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கும் காசு நமக்கு வேண்டாம். தெருவில் ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரே நாளில் லாரியைக் கூப்பிட்டால் வாடகையைப் பேசிக் குறைக்கலாம். லாரி எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள். குளத்திலோ ஓடையிலோ கொட்டாமல் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும்.

கேள்வி (மானூர் பக்கம், கரிசல் ஊர்): அங்கணத் தண்ணிக்கு உறிஞ்சு குழி போட்டோம். ஒரே வருஷத்துல நெறஞ்சு தெருவுல நிக்கு.

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அடுக்களை எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் நேராகக் குழிக்குப் போய்க் கல்லை அடைத்திருக்கும். குழிக்கு முன்னால் ஒன்றரை அடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டி, வாரம் ஒரு முறை அள்ளிப் போட வேண்டும். இரண்டாவது, மண். ஒரு அடி ஆழக் குழி வெட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காலையில் அரை அடி தண்ணீர் ஊற்றி மட்டத்தைப் பாருங்கள். ஒரு இஞ்ச் இறங்க 30 நிமிஷத்துக்குள் ஆனால் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி போதும். அடியில் பெரிய கல், நடுவில் உடைகல், மேலே ஜல்லி. 30 நிமிஷத்துக்கு மேல் 60 நிமிஷம் வரை ஆனால் குழியை விட்டுவிட்டு, ஆழம் குறைந்த நீள வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்புங்கள். சுத்தக் கரிசலில் அதையும் தாண்டும். அங்கே தண்ணீரை மண்ணுக்குள் இறக்க முயலாமல், புறவாசலில் இரண்டு பாத்தி கட்டி முறைவைத்து வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடுங்கள். ஒரு பாத்தி காயும்போது மற்றது குடிக்கட்டும்.

கேள்வி (ராதாபுரம் கடலோரம்): எங்க போர் தண்ணில டி.டி.எஸ். 1,800. ஊருக்கு ஆர்.ஓ. வைக்கலாமா?

பதில்: டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அது 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் உங்கள் தொட்டிக்கு வருகிறதென்றால் கலந்து பாருங்கள். 200 உள்ள ஆற்று நீரும் 1,800 உள்ள போர் நீரும் சரிபாதி கலந்தால் 1,000 வரும், ஆற்று நீர் மூன்று பங்கு, போர் நீர் ஒரு பங்கு என்றால் 600. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் சிறிய ஆர்.ஓ. வைப்பதானால், அது ஒதுக்கும் உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதைப் போர் பக்கத்திலேயே விட்டால் அடுத்த கோடையில் 1,800 என்பது இன்னும் ஏறும். கழிப்பறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாயில் திருப்பிவிடுவது ஒரு வழி. அதற்கு வேறு நிறக் குழாய் போட வேண்டும், குடிநீர்க் குழாயோடு எங்கும் இணைக்கக் கூடாது.