கடை வாசல்ல நிக்கிறது யாரு வண்டி? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விய எல்லாம் பிரிச்சு பார்த்தா பாதிக்கு மேல பார்க்கிங் சண்டைதான். ஜிஎஸ்டி பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், நேரு வீதிய ஒட்டின ஒரு குறுக்குத் தெருவுல ரெடிமேட் கடை வச்சிருக்கேன். எங்க பக்கம் நோ பார்க்கிங் போட்டுட்டாங்க, எதிர் பக்கம் மட்டும்தான் வண்டி விடணும். யாவாரம் படுத்துடுச்சு. வர்றவங்க "வண்டி விட எடமில்லண்ணே"ன்னு சொல்லிட்டு ஆன்லைன்ல வாங்கிக்கிறாங்க. எல்லா கடையும் சேர்ந்து மனு குடுத்து அந்த போர்டை எடுக்க வைக்கலாம்னு இருக்கோம், சரிதானே?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: மனு குடுங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. காலைல கடை தொறக்குறப்போ எதிர் பக்கம் நிக்கிற வண்டி நம்பரை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, மதியம் சாப்பாட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயந்திரம் லைட் போட்டப்புறம் ஒரு தடவை. மூணு லிஸ்ட்லயும் திரும்பத் திரும்ப வர்ற நம்பர் எதுன்னு பாருங்க, அது கஸ்டமர் வண்டியா இருக்காது. பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ஓனரோட ஆக்டிவா, மாடில டியூஷன் எடுக்குற சாரோட பைக், மொபைல் கடை பசங்களோடது, கோச்சுக்காதீங்க, உங்க கடை சேல்ஸ் கேர்ள்ஸோட ஸ்கூட்டியும் அதுல இருக்கும்.

இப்போ கணக்கு போடுங்க. காலைல 9 மணிக்கு நிறுத்தி ராத்திரி 9 மணிக்கு எடுக்குற வண்டி ஒண்ணுன்னா அந்த எடம் அன்னிக்கு முழுக்க ஒருத்தருக்கே போச்சு. அதே எடத்துல ஆளுக்கு 20 நிமிஷம்னு வந்து போனா 36 பேர் நிறுத்தலாம். அத்தனை பேரும் உங்க கடைக்கு வர மாட்டாங்க, பாதி பேர் பக்கத்து கடைக்கு போனாலும் தெருவுல நடமாட்டம்னு ஒண்ணு இருக்கும்ல. கார்னா இன்னும் மோசம், ஒரு கார் நிக்கிற நீளத்துல நாலஞ்சு டூவீலரை சாய்ச்சு விட்டுடலாம். அதனால போர்டை எடுக்கணும்னு கேட்டா என்ன ஆகும்னா ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க வண்டியே நிக்கும், நடுவுல ஆட்டோ கூட போகாது. நான் உங்க எடத்துல இருந்தா கார் வேணாம், டூவீலர் மட்டும், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல நிக்கக்கூடாதுன்னு கேப்பேன். ஸ்டாஃப் வண்டிக்கு நாலு கடைக்காரங்க சேர்ந்து ரெண்டு தெரு தள்ளி காலி மனை, கல்யாண மண்டப காம்பவுண்டு எதையாவது மாச வாடகைக்கு பேசி முடிங்க. பசங்க அஞ்சு நிமிஷம் நடந்து வந்தா ஒண்ணும் தேஞ்சிட மாட்டாங்க.

வாசல்ல வண்டி நிறுத்த முடியலன்னா ஜனம் வராதுன்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல எவன் கடை முன்னாடி கார் நிக்குது? சென்னைல ரங்கநாதன் தெருவுல? தோளோட தோள் இடிச்சுக்கிட்டுல்ல போறாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஊர்ல 2006ல கடைக்காரங்ககிட்ட உங்க கஸ்டமர்ல எத்தனை பேர் கார்ல வர்றாங்கன்னு கேட்டா 41 சதவீதம்னு சொன்னாங்களாம், வந்தவங்களையே கேட்டு பார்த்தா 22தான். கல்லாவுல உக்காந்து பார்த்தா காரு மட்டும்தான் கண்ணுல படும், பஸ்ல எறங்கி நடந்து வர்றவங்க படமாட்டாங்க. இது எல்லா யாவாரத்துக்கும் பொருந்தாதுங்கறதையும் சொல்லிடறேன், அரிசி மூட்டை, பாத்திர சீர், ஃபேன் கிரைண்டர்னு விக்கிறவங்களுக்கு வாசல்ல வண்டி வந்தே ஆகணும். உங்களது கைல கவரை மாட்டிக்கிட்டு போற சரக்கு. அப்புறம் ஆன்லைன்னு சொன்னீங்களே, அங்க சைஸ் சரியில்லன்னா வீட்டுக்கே வந்து வாங்கிக்கிட்டு போறான், உங்க கடைல "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" போர்டு இன்னும் தொங்குதா இல்லையா?

கேள்வி: அண்ணா, முத்தியால்பேட்டைல பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். பக்கத்து கடைக்காரர் பெயிண்ட் டின்ல சிமெண்டு ஊத்தி குழாய் நட்டு ரெண்டு டின்னுக்கும் கயிறு கட்டி வச்சிருக்கார், "எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்"னு போர்டு வேற. கேட்டா வாடகை குடுக்குறேன்லங்கறார்.
– ஒரு வாசகி

பதில்: வாடகை ஷட்டருக்கு உள்ள இருக்குற எடத்துக்கும்மா, ரோட்டுக்கு இல்ல. ரோட்டுல பார்க்கிங் போர்டு வைக்கிற அதிகாரம் அரசாங்கத்துக்கும் அது அதிகாரம் குடுத்தவங்களுக்கும்தான், கடைக்காரர் எழுதி மாட்டுனது வெறும் தகரம். நகராட்சிக்கும் டிராஃபிக் போலீசுக்கும் போட்டோவோட ஒரு லெட்டர் போதும். ஆனா உங்க தையல் மெஷின் டேபிளோ பொம்மையோ பிளாட்பாரத்துல இருந்தா மொதல்ல அதை உள்ள எடுத்து வச்சிட்டு எழுதுங்க, வர்றவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் அள்ளிக்கிட்டு போவாங்க.

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஸ்வீட் ஸ்டால். திடீர்னு எங்க ரோட்டை ஒன்வே ஆக்கிட்டாங்க, சோதனை முறைனு சொல்றாங்க. காலைல வண்டி நெறைய போகுது, சாயந்திரம் ஈ ஓட்டுறோம். ஸ்வீட் யாருங்க காலைல வாங்குவா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: நீங்களே விஷயத்தை புடிச்சிட்டீங்க. வேலைக்கு போறப்போ வாங்குறது டீ, டிபன், பேப்பர். வீட்டுக்கு திரும்புறப்போ வாங்குறது பூ, காய்கறி, ஸ்வீட், பரோட்டா பார்சல். ஒன்வே எந்த பக்கம் ஓடுதுங்கறதை பொறுத்து உங்க தெரு காலை தெரு இல்லன்னா சாயந்திர தெரு ஆயிடும், போலீஸ் ஜங்ஷன் நெரிசலை மட்டும் பார்க்குறாங்க, இதை யாரும் பார்க்குறதில்ல. மோட்டார் வாகன சட்டம் 115வது பிரிவுல என்ன இருக்குன்னா, இந்த மாதிரி தடை ஒரு மாசத்துக்குள்ள முடியறதா இருந்தா உள்ளூர்ல தெரியப்படுத்துனா போதும், அதுக்கு மேலனா அரசிதழ்ல அறிவிப்பு வரணும். அதனால எந்த தேதில ஆரம்பிச்சாங்க, எழுத்துல ஆர்டர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு கூட்டத்துக்கு போறப்போ "யாவாரம் போச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த மாசத்து சாயந்திர சேல்ஸ் பில்லும் அதுக்கு முந்தின மாசத்து பில்லும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடுங்க, ராத்திரி 7 மணிக்கு மேல ரெண்டு வழியும் விடலாமேன்னு ஒரு வழியும் சொல்லுங்க. அதுவரைக்கும் காலைல பொங்கலும் காபியும் போட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது.

கேள்வி: ஒயிட் டவுன் பக்கத்துல ஜூஸ் கடை. சனி ஞாயிறுனா டிஎன், கேஏ வண்டிதான் தெரு பூரா, ரெகுலர் கஸ்டமர் எட்டிப் பார்க்குறதில்ல. பார்க்கிங்குக்கு காசு வாங்கணும்னு நான் சொன்னா மத்த கடைக்காரங்க அடிக்க வர்றாங்க.
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: என் ஓட்டு உங்களுக்குத்தான். பீச் ரோட்டுல சாயந்திரம் 6 மணிலேர்ந்து வண்டி விட மாட்டாங்க, நடக்குறவங்களுக்கு அது சொர்க்கம், ஆனா அங்க நிக்காத காரு எல்லாம் உங்க தெருவுலதானே வந்து நிக்குது. காசு குடுத்து ரூம் போட்டு வர்றவங்களுக்கு மணிக்கு இவ்வளவுன்னு குடுக்குறது பெரிய விஷயமில்ல, இலவசம்ங்கறதாலதான் ராத்திரி வரைக்கும் எடுக்காம இருக்காங்க. கடைக்காரங்க சண்டை போடறதுக்கு காரணம் காசு எங்க போகும்ங்கறதுதான். அமெரிக்காவுல பாசடேனாங்கற ஊர்ல 1993ல பழைய கடைத்தெருவுல பார்க்கிங்குக்கு காசு வாங்குற மீட்டர் வைக்கப் போறப்போ இதே எதிர்ப்பு, வசூல் அந்த தெருவுக்கே திரும்ப வரும்னு சொன்னப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க, நடைபாதை, லைட்டு, மரம்னு தெருவே மாறிப்போச்சு. நீங்களும் அந்த ஒரு நிபந்தனையோட கேளுங்க. காண்டிராக்டர்கிட்ட டோக்கன் புக்கை குடுத்துட்டு போற ஏற்பாடுன்னா நானும் உங்களை அடிக்க வர்றவங்க பக்கம்தான்.

கேள்வி: கஸ்டமர் பைக்கை கடை வாசல்லேர்ந்து தூக்கிட்டு போயிட்டாங்க, என்கிட்ட வந்து கத்துறார். தூக்கலாமா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நோ பார்க்கிங்னு முறையா போர்டு இருந்தா தூக்கலாம், மோட்டார் வாகன சட்டம் 127வது பிரிவு. யூனிஃபார்ம்ல இருக்குற போலீஸ்காரர் சொல்லித்தான் தூக்கணும், கிரேன் பசங்களா தூக்கக்கூடாது. தூக்குன செலவு வண்டிக்காரர் தலைலதான், அபராதம் தனி, அது முதல் தடவைக்கு 500 ரூபா வரைக்கும், அடுத்தடுத்த தடவைக்கு 1,500 வரைக்கும். எடுக்க போறப்போ ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூணையும் கொண்டு போகச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் முடிஞ்சிருந்தா அதுக்கு தனியா 2,000 எழுதிடுவாங்க.