நுகர்வோர் கேள்வி-பதில்: இணையவழியில் ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கப் பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: பி.காம். முடித்து, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். திருமணம், நிறுவன விழா ஆகியவற்றை ஏற்பாடு செய்து தரும் தொழிலுக்கு மாற விரும்புகிறேன். வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்பதால் ஆறு மாத இணையவழி ‘டிப்ளமோ’ ஒன்றைப் பற்றி விசாரித்தேன். கட்டணம் 65,000 ரூபாய் என்றும், இன்றே சேர்ந்தால் 45,000 ரூபாய் போதும் என்றும் சொல்கிறார்கள். அரசு அங்கீகாரம், நூறு சதவீத வேலை உத்தரவாதம், வட்டியில்லாத் தவணை எல்லாம் உண்டாம். சேரலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இந்தத் தொழிலின் அடிப்படைகளை இணையவழியில் கற்கலாம். ஆனால், உங்களிடம் சொல்லப்பட்ட சலுகைகள் ஒவ்வொன்றும் எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

முதலில் ‘அரசு அங்கீகாரம்’ என்பதைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கெனச் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. இணையவழியில் பட்டம் தர அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ‘டிப்ளமோ’ என்ற பெயரில் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுப்பதற்குத் தனியார் பயிற்சி நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட அனுமதி தேவைப்படுவதில்லை. ஆகவே அந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. அங்கீகாரம் என்று இத்தகைய நிறுவனங்கள் காட்டும் காகிதம் பெரும்பாலும் உத்யம் பதிவாகவோ ஐஎஸ்ஓ 9001 சான்றாகவோ இருக்கும். உத்யம் பதிவு என்பது சிறு, குறு நிறுவனங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு, கட்டணமின்றி, தாமாகவே அறிவித்துப் பெற்றுக்கொள்வது. ஐஎஸ்ஓ 9001 அலுவலக நடைமுறைகளின் ஒழுங்கைப் பற்றிப் பேசும் சான்றே தவிர, பாடத்தின் தரத்துக்கு நற்சாட்சி அல்ல. எனவே எந்த அமைப்பு, எந்தப் படிப்புக்கு, எந்த எண்ணில் அங்கீகாரம் கொடுத்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொழிற்கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்சிவெட்டின் பெயரைச் சொன்னால், தேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வேலை நிச்சயம் என்பது போன்ற பொய்யான வாக்குறுதிகளைத் தடை செய்கின்றன. நடைமுறையில் இந்த ‘உத்தரவாதம்’ ஒப்பந்தத்தின் உட்பிரிவில் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று சுருங்கிவிடுவது வழக்கம். வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை.

கட்டணக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். தனியார் பயிற்சிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 45,000 ரூபாயில் வரி அடங்கவில்லை என்றால் 8,100 ரூபாய் கூடி, 53,100 ரூபாய் ஆகிவிடும். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவது, பெரும்பாலும், ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் வாங்கப்படும் கடன்தான். பயிற்சி நிறுவனத்துக்கு மொத்தத் தொகையும் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிடும். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடன்காரர் நீங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடனின் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே அவர்கள் தர வேண்டும். கைபேசி வழியாகப் பெறும் இத்தகைய கடனில், அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. ‘சேர்க்கைப் படிவம்’ என்று நம்பி ஓடிபி சொல்லிவிட்டு, அது கடன் விண்ணப்பம் என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் வசதிக்கு அவசரப்பட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். பணத்தின் மதிப்பு இங்கேதான் தெரியும். மாதிரி வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விழாவின் வரலாறு, தலைமைப் பண்பு, நேர மேலாண்மை என்று பொதுவாகப் போகும் பாடங்களுக்கு 45,000 ரூபாய் மிகவும் அதிகம். நிகழ்ச்சியின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஷோ ஃப்ளோவை உங்களை எழுதவைத்து, அதைத் திருத்தித் தருகிறார்களா? அரங்கத்தின் ஒலி, ஒளி, குளிர்சாதனம் எல்லாவற்றின் மின்சுமையையும் கூட்டி, எவ்வளவு திறனுள்ள ஜெனரேட்டர் வேண்டும் என்று கணக்கிடக் கற்றுக்கொடுக்கிறார்களா? மண்டப வாடகை ஒரு தொகை, மின்கட்டணம் மீட்டர் யூனிட்டின்படி தனி, டீசல் தனி, துப்புரவு தனி என்று வரும் பில்லை முன்கூட்டியே மதிப்பிட்டு, வாடிக்கையாளரிடம் ஒரே தொகையாகச் சொல்லத் தெரியாதவர் முதல் திருமணத்திலேயே கையைச் சுட்டுக்கொள்வார்.

சட்டப் பகுதியும் பாடத்தில் இருக்க வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பதிவு செய்யப்பட்ட பாடல்களைத் திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் ஒலிக்கச் செய்வதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அதே பாடலை நிறுவனத்தின் ஆண்டு விழாவில் ஒலிக்கவிட்டால் உரிமம் வாங்க வேண்டும். இந்த வேறுபாட்டை ஆசிரியர் விளக்குகிறாரா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் களத்தில் நின்றவரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

குறைந்த செலவில் வேறு வழிகளும் இருக்கின்றன. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோ படிப்புகளில் நிகழ்ச்சி மேலாண்மையும் உண்டு. சேர்க்கை அறிவிப்பு வரும்போது பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். அங்கே சந்தைப்படுத்தல், விருந்தோம்பல் தொடர்பான பாடங்களில் ஒன்றைப் படித்து முடியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இராது. படிப்புக்கு ஏற்ற மாதங்கள் அவை. ஆவணியிலும் தையிலும் உங்கள் ஊரில் திருமண ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் வார இறுதிகளில் உடன் நின்று வேலை செய்யுங்கள். இந்தத் தொழிலில் ஆள் எடுப்பவர்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்றே கேட்கிறார்கள். அதன் பிறகும் உங்களுக்கு என்ன தெரியவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், அதைக் கற்றுத்தரும் படிப்புக்குப் பணம் கொடுங்கள். ‘இன்றே சேர்ந்தால்’ என்ற சலுகை அடுத்த வாரமும் இருக்கும்.

கேள்வி: ‘இந்தப் படிப்பை முடித்தால் உலகம் முழுவதும் செல்லும் சிஎம்பி தகுதி கிடைக்கும்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. சிஎம்பி (சர்டிஃபைட் மீட்டிங் புரொஃபெஷனல்) என்பது ஈவென்ட்ஸ் இண்டஸ்ட்ரி கவுன்சில் என்ற சர்வதேச அமைப்பு வழங்கும் தகுதி. துறையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய அனுபவத்தைக் காட்டி விண்ணப்பித்து, அவர்கள் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். பயிற்சி நிறுவனம் அந்தத் தேர்வுக்கு உங்களைத் தயார் செய்யலாம். தகுதியைத் தானே தர முடியாது. புதிதாகத் துறைக்கு வருபவருக்கு இப்போதைக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: என் மகன் இதே போன்ற ஒரு படிப்பில் தவணைக் கடன் மூலம் சேர்ந்தான். நேரலை வகுப்பு என்றார்கள்; பழைய பதிவுகளைத்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் விலகிவிட்டான். ‘கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறார்கள்; தவணை மட்டும் மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம், உங்கள் மகனின் கடன் மதிப்பெண் பாதிக்கப்படும், பின்னாளில் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். சேவை கிடைக்கவில்லை என்பதை விளக்கி, கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் ஒரு புகார் எழுதுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றி முறையிடலாம். பயிற்சி நிறுவனம் பணத்தைத் திருப்பினால் அது நேரே கடன் கணக்கில் வரவாகட்டும் என்று கேளுங்கள்.

‘திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற ஒரு வரி விவாதத்தை முடித்துவிடுவதில்லை. நடத்தாத வகுப்புகளுக்கான பணத்தைப் பயிற்சி மையம் வைத்துக்கொள்வது முறையல்ல என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருமா என்பது நீண்ட காலமாக வாதிடப்படும் விஷயம்; ஆனால் பயிற்சி மையங்களைக் கல்வி நிறுவனங்களாகக் கருத முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்குக்கு அது சாதகமானது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் இந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன. பலன் இல்லையென்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடர முடியும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் மாணவரின் லாகின் முடக்கப்பட வாய்ப்பு உண்டு. அதற்கு முன்பே, வகுப்புப் பட்டியலையும், பழைய தேதியைக் காட்டும் பதிவுகளையும், ‘நேரலை வகுப்பு’ என்று சொன்ன விளம்பரத்தையும், விற்பனைப் பிரதிநிதியின் வாட்ஸ்அப் உரையாடலையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீது, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றோடு வேறொரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.