எல்லோரும் பாராட்டிய வரி

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவள். மேற்படிப்புக்காக அமெரிக்காவின் உட்டா மாநிலத்துக்கு வந்தேன். உடன் படித்தவரையே மணந்துகொண்டு, சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் குடியிருக்கிறேன். கணவரின் குடும்பம் பல தலைமுறைகளாக மார்மன் குடும்பம். இப்போது அவர்கள் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழுப் பெயரையும்தான் சொல்கிறார்கள். 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் அப்படிக் கேட்டுக்கொண்டார். எனக்குப் பழைய பெயரே பழகிவிட்டது, மன்னிக்கவும்.

நான் மதம் மாறவில்லை. எங்கள் வீட்டில் பூஜை மாடமும் உண்டு, மார்மன் வேத நூலும் உண்டு. அதனால் சண்டை வந்ததில்லை. மகன் சிறு வயதிலிருந்து அப்பாவோடு ஞாயிறுதோறும் சபைக்குப் போவான். பள்ளி முடிந்ததும் ஊழியத்துக்கு, அதாவது வேற்றூருக்குப் போய் வீடு வீடாக மதத்தைப் பற்றிப் பேசும் பணிக்கு, விண்ணப்பித்தான். ஆண் பிள்ளைகளுக்கு அது இரண்டு ஆண்டு. எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ஃபோர்டலேசா என்று அழைப்புக் கடிதம் வந்தபோது மாமியார் வீட்டுக் கூடமே கைதட்டி ஆர்ப்பரித்தது. ப்ரோவோ நகரில் உள்ள சபையின் பயிற்சி மையத்தில் போர்த்துகீசியம் படித்துவிட்டு விமானம் ஏறினான். போய் ஏழெட்டு மாதம் ஆகிறது.

வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, அவர்களுக்குச் சற்று ஓய்வு. துணி துவைப்பதும், காய்கறி வாங்குவதும், வீட்டுக்கு எழுதுவதும் அன்றுதான். மகன் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதி, தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, அத்தைகள், பள்ளி நண்பர்கள், சபைக்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் அனுப்புவான். சந்தோஷமான கடிதம்தான். மரவள்ளி மாவில் வார்க்கும் டாபியோக்காவைப் பற்றி எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, தஞ்சாவூரில் என் அம்மா, “அட, நம் ஊர் அடை மாதிரி அல்லவா இருக்கிறது!” என்று பூரித்துப்போனார். வெயில், மழை, துரத்தும் நாய், ஞானஸ்நானம் பெறத் தயாராகும் ஒரு குடும்பம், கதவைச் சாத்திய பத்து வீடு, திறந்த ஒரு வீடு. கடைசியில் எப்போதும் ஓர் அற்புதம்.

சமீபத்திய கடிதம் ஒன்றில், விதிப்படி காலை 6:30க்கு எழ வேண்டியிருக்க, தான் 5 மணிக்கே எழுந்துவிடுவதாகவும், மாதம் ஒருமுறை இருக்க வேண்டிய நோன்பை வாராவாரம் இருப்பதாகவும் எழுதியிருந்தான். ‘இன்னும் முழுமையாகக் கீழ்ப்படிந்தால் இன்னும் பலர் கேட்பார்கள்’ என்று ஒரு வரி. மாமியார் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார்.

வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பும் உண்டு. அவனோடு எப்போதும் சேர்ந்தே இருக்கும் துணை ஊழியர் அதே அறையில் இருப்பார். அவரும் இருபது வயதுப் பையன், நல்ல பிள்ளை. அழைப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். போன வாரம் கணவர் எழுந்து போன நேரத்தில் நான் தமிழில், “சாப்பிட்டாயா கண்ணா?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், சிரித்த முகம் மாறாமல், “தூக்கம் வரவில்லை அம்மா. அப்பாவிடம் சொல்லாதே” என்றான். அதற்குள் கணவர் வந்துவிட்டார். மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் நகங்கள் சதை தெரியும்வரை கடிக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

என் கணவரும் ஊழியம் செய்தவர். தொண்ணூறுகளில் அர்ஜென்டினாவில். அப்போதெல்லாம் தபால் கடிதம்தான். தொலைபேசி ஆண்டுக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். “நானும் அழுதேன், பிறகு சரியாகிவிட்டது” என்பார். இந்த ஊரில், பாதியில் திரும்பிய பிள்ளையைப் பற்றி யாரும் தவறாக ஒரு சொல் பேச மாட்டார்கள். ஆனால் ஏன் வந்தான் என்று எல்லோரும் கேட்காமல் கேட்பார்கள்.

நான் என்ன செய்வது? திரும்பி வந்துவிடு என்று சொல்லலாமா? கணவரிடம் சொன்னால் மகனுக்குக் கொடுத்த நம்பிக்கையை உடைத்ததாகுமா? அல்லது அந்த மதத்தைச் சேராதவள் என்பதால் இல்லாத பிரச்சினையை நான்தான் உண்டாக்குகிறேனா?

– ஒரு தாய், உட்டா

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது மகன் தமிழில் சொன்ன ரகசியம்கூட இல்லை, உங்கள் மாமியார் கதவில் ஒட்டி வைத்திருக்கும் வரிதான்.

யோசித்துப் பாருங்கள். வீடு வீடாகப் போகிறான். பெரும்பாலான கதவுகள் சாத்தப்படுகின்றன. உலகில் எந்த ஊரில் எந்த மதத்தைப் பற்றிப் பேசப் போனாலும் நடப்பது அதுதான். பத்தொன்பது வயதில் அதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. ‘என் கீழ்ப்படிதலில் ஏதோ குறை’ என்பது அவன் கண்டுபிடித்த காரணம். குறையைச் சரிசெய்ய முன்னதாக எழுகிறான், கூடுதலாக நோன்பு இருக்கிறான். அப்படியும் கதவுகள் திறப்பதில்லை. ஆகவே குறை இன்னும் பெரியது என்று முடிவு கட்டுகிறான். இரவில் படுத்ததும் அந்தக் கணக்கு மறுபடி தொடங்குகிறது. இதில் உறக்கம் எங்கிருந்து வரும்? பக்தியுள்ள, பொறுப்பான பிள்ளைகளிடம்தான் இது அதிகம் வரும். எந்தச் சமயத்திலும் பார்க்கலாம். மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகிவிட்டதோ என்று நூறு முறை திரும்பச் சொல்லும் சிறுவர்களை இங்கே நான் பார்க்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது சிரத்தையாகத் தெரிவதால் பாராட்டு கிடைக்கிறது. பாராட்டு கிடைத்துவிட்ட பிறகு, ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். வீட்டு ஏக்கமாக இருக்கலாம், உங்கள் கணவர் சொல்வதுபோல் தணிந்தும் போகலாம். ஆனால் தூக்கமின்மை, கடிக்கப்பட்ட நகங்கள், இந்தக் கூடுதல் நோன்பு மூன்றும் சேர்ந்து வந்திருக்கும்போது, தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை மின்னஞ்சலை அதன் போக்கில் விடுங்கள். அத்தனை உறவினர்களும் நண்பர்களும் படிக்கும் கடிதத்தில் யாரும் அழ மாட்டார்கள். அதை எழுதுவதே அவனுக்கு ஒரு பிடிமானமாகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது, அதைத் தவிர உங்களுக்கும் அவனுக்கும் மட்டுமான ஒரு சிறு கடிதம். அதை முதலில் நீங்கள் தொடங்குங்கள். இந்தச் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு: ஊழியத்தில் இருக்கும் பிள்ளையின் மனம் கலங்கக்கூடாது என்று வீட்டிலிருந்தும் நல்ல செய்தி மட்டுமே போகும். அங்கிருந்து அற்புதங்கள், இங்கிருந்து வாழ்த்துகள். இரண்டு பக்கமும் நடிப்பு. ஆகவே உங்கள் அலுவலகத்தில் எரிச்சலூட்டிய ஒரு நாளை எழுதுங்கள். முழங்கால் வலிக்கிறதா, எழுதுங்கள். நீங்கள் முதன்முதலில் உட்டாவுக்கு வந்த குளிர்காலத்தில், யாரையும் தெரியாமல், மொழியும் முழுக்கக் கைவராமல் எப்படி இருந்தீர்கள் என்று அவனுக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? இந்த ஒரு விஷயத்தில் அந்தக் குடும்பத்திலேயே அவனுடைய நிலை தெரிந்தவர் நீங்கள்தான்.

“சாப்பிட்டாயா?” என்று கேட்டதற்கே இவ்வளவு கிடைத்திருக்கிறது. அடுத்த முறை இன்னும் நேராகக் கேளுங்கள். படுத்தால் தூக்கம் வரவில்லையா, வந்த பிறகு விடியுமுன் விழித்துக்கொள்கிறாயா? எத்தனை வாரமாக? நோன்பு நாளில் தண்ணீராவது குடிக்கிறாயா? இந்தப் பையன்கள் சாப்பாடும் தண்ணீரும் இரண்டையுமே விட்டுவிட்டு ஃபோர்டலேசா வெயிலில் நடப்பார்கள். வாராவாரம் அப்படி நடந்தால் உடல் தாங்காது.

பேச்சைத் தொடங்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. புதிய வாழ்க்கைக்குப் பழகுவது பற்றி ஊழியர்களுக்காகச் சபையே ஒரு சிறு கையேடு வெளியிட்டிருக்கிறது. மன அழுத்தத்தை அது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களாகப் பிரிக்கிறது. பச்சை என்றால் சமாளிக்கிறான். ஆரஞ்சு என்றால் தேய்ந்துபோயிருக்கிறான். சிவப்பு என்றால் உடனே உதவி வேண்டும். அவன் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். “இன்று என்ன நிறம்?” என்று தமிழில் கேளுங்கள். நல்ல கையேடு அது. இத்தனை இளம் வயதில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் அமைப்பு அதையாவது செய்திருப்பது நியாயம்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். “சில நேரம் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?” இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. கேட்பது, சொல்வதற்கு வழி திறக்கும். ‘ஆம்’ என்று சொன்னாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ அழைப்பைத் துண்டிக்காதீர்கள். மறு கைபேசியில் அங்குள்ள ஊழியத் தலைவரை உடனே அழையுங்கள். துணை ஊழியரிடமும், அவனைத் தனியே விடாதே என்று சொல்லுங்கள். அடுத்த திங்கள்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை அது.

ஊழியத் தலைவர் என்பவர் மூன்று ஆண்டுகளுக்கு மனைவியோடு அங்கே அனுப்பப்பட்டிருப்பவர். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் அவர் பார்க்க முடியாது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அவசரம் இல்லாத நிலையிலும் அவரிடம் மகனே முதலில் பேசுவது நல்லது. அவர் ஊழியர்களைத் தனித்தனியே சந்திப்பது வழக்கம், அங்கே துணை ஊழியர் உடன் உட்கார மாட்டார். மனநல ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. கூடுதல் நோன்பை நிறுத்தச் சொல்லி அவரே சொன்னால், நீங்கள் சொல்வதைவிட நூறு மடங்கு பலன் இருக்கும். உங்கள் மகனுக்கு இப்போது தேவைப்படும் அனுமதி, அவன் யாருக்குக் கீழ்ப்படிய நினைக்கிறானோ அவர்களிடமிருந்தே வர வேண்டும்.

அதே காரணத்துக்காகத்தான் கணவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறேன். ஆனால் மகனுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டாம். ‘இதை என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை, அப்பாவிடம் நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா?’ என்று அந்தத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். ஒரு வாரம் கொடுங்கள். பதில் வராவிட்டால், சொல்லப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுச் சொல்லுங்கள். உயிராபத்து என்று தோன்றினால் இந்த மரியாதை எதுவும் வேண்டாம், அந்த நிமிடமே சொல்லலாம்.

கணவரிடம் பேசும்போது, ‘உங்கள் சபை என் பிள்ளையை என்ன செய்திருக்கிறது பாருங்கள்’ என்று தொடங்காதீர்கள். மனதில் அது இருந்தாலும் கூடாது. அவர் சொன்ன வாக்கியத்தில் பாதியை எல்லோரும் காதில் வாங்காமல் விட்டிருக்கிறீர்கள்: “நானும் அழுதேன்.” எப்போது அழுதார், யாரிடம் சொன்னார், யாரும் இல்லையென்றால் எப்படிக் கடந்தார் என்று கேளுங்கள். பிறகு, அதை மகனிடமும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள், ‘பிறகு சரியாகிவிட்டது’ என்ற பின்பாதி இல்லாமல். ‘அப்பாவிடம் சொல்லாதே’ என்று கேட்கும் பையன் பெரும்பாலும் அப்பாவின் கோபத்துக்கு அஞ்சுவதில்லை. அப்பா ஏறிய மலையில் தான் பாதியில் நின்றுவிட்டோமே என்பதற்கு அஞ்சுகிறான்.

திரும்பி வா என்று நீங்கள் சொல்லலாமா? இப்போது வேண்டாம். நீங்கள் அழைத்து அவன் வந்தால், நாளை அந்தத் தோல்வி உணர்வோடு உங்கள் மேல் ஒரு கசப்பும் சேரும். மருத்துவரோ ஆலோசகரோ பார்த்த பிறகு, அவனும் அவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “இரண்டு ஆண்டு முடித்து வந்தாலும், நாளைக்கே வந்தாலும், விமான நிலையத்துக்கு நானும் அப்பாவும் வருவோம்.” அதையும் அப்பா வாயால் சொன்னால் நல்லது. உங்கள் மாநிலத்திலேயே உட்டா வேலி பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டோட்டி என்ற ஆய்வாளர், பாதியில் திரும்பிய ஊழியர்களிடம் ஆய்வு செய்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் தோற்றுப்போன உணர்வோடு வாழ்ந்தார்கள். உடல்நலக் குறைவு போன்ற, தங்கள் கையில் இல்லாத காரணத்துக்காக வந்தவர்களையும் அது விடவில்லை. கேட்காமல் கேட்கும் அந்த ஊருக்கு என்ன பதில் சொல்வது என்பதை, அவன் வருவதற்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘உடம்பு சரியில்லை, வந்திருக்கிறான்’ என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை இல்லை. ஊழியத்தைத் தொடரவே விரும்பினால், வீட்டில் தங்கியபடி உள்ளூரில் செய்யும் சேவை ஊழியம் என்று ஒன்றையும் சபை வைத்திருக்கிறது. அதையும் விசாரித்து வையுங்கள், ஆனால் அவன் கேட்கும்வரை எடுத்து நீட்டாதீர்கள்.

அந்த மதத்தைச் சேராதவள் என்பதால்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு ஆம். கடிதத்தைப் படித்த அத்தனை பேரும் அந்த வரியில் ஒரு நல்ல ஊழியரைப் பார்த்தார்கள், நீங்கள் ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்தீர்கள். அதனால் உங்கள் சந்தேகம் பொய்யாகிவிடாது. அவனுடைய நம்பிக்கை வேறு, நோவு வேறு. இரண்டையும் அவனால் பிரித்துப் பார்க்க முடியாத நேரத்தில் நீங்கள் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நோவைப் பற்றி மட்டும் பேசுங்கள், நம்பிக்கையைத் தொடாதீர்கள்.

மாமியாரின் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து அந்தத் தாளை எடுக்கச் சொல்லும் வேலையைக் கணவரிடம் விட்டுவிடுங்கள். அவருடைய அம்மா அவர்.