ஹார்ட் டிஸ்க் இமேஜ் டெர்மினலில் மவுண்ட் ஆகவில்லை என்றால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினியின் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுத்து முழு இமேஜாக, அதாவது டிஸ்க்கில் உள்ளதை அப்படியே ஒரே ஃபைலாக நகலெடுத்து வந்திருக்கிறீர்கள். அதைத் திறந்து உள்ளே பார்க்க உபுண்டு லினக்ஸில் மவுண்ட் கட்டளை போட்டால் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று வருகிறது. எங்கேயோ பார்த்து ஆஃப்செட் 1048576 என்று கொடுத்தீர்கள், அப்போதும் அதேதான். இமேஜ் போச்சா, டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். இதே 40 ஜிபி, இதே எக்ஸ்பி, இதே பிழைச் செய்தியோடு நானும் இரண்டு வாரம் அல்லாடியிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் சித்தப்பா டிடிபி கடை வைத்திருந்தார். தாத்தா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த குடும்ப வரலாற்றை, கடையில் வேலை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து அவரே அடித்து வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டை வீட்டில் அந்த நோட்டு ஊறிப் போனது. மிச்சம் இருந்தது கடைக் கணினியின் டி டிரைவில் இருந்த ஒரே பிரதிதான். அதனால் இதை ஆற அமர எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் போடுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பிழைச் செய்தி. அதை நம்பிப் பயப்பட வேண்டாம். "நீ காட்டிய இடத்தில் எனக்குத் தெரிந்த ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) எதுவும் இல்லை" என்பதுதான் அதன் முழு அர்த்தம். காட்டிய இடம் தவறாக இருக்கலாம். இமேஜ் பாதியில் அறுந்திருக்கலாம். ஃபைல் சிஸ்டமே அடிபட்டிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வாசகம்தான் வரும். நான் பார்த்தவரை பெரும்பாலும் முதல் காரணம்தான்.

முழு டிஸ்க்கின் இமேஜ் என்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி. வாசலில் பெயர்ப் பலகை, அதாவது பார்ட்டிஷன் டேபிள். உள்ளே தனித்தனி வீடுகள், அவைதான் பார்ட்டிஷன்கள். மவுண்ட் கட்டளைக்கு வீட்டுக் கதவு வேண்டும். கட்டடத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஆஃப்செட் என்பது, வாசலில் இருந்து அந்த வீடு எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு.

நீங்கள் கொடுத்த 1048576 எங்கிருந்து வந்தது தெரியுமா? விஸ்டா காலத்தில் இருந்து முதல் பார்ட்டிஷன் பொதுவாக 2048ஆம் செக்டரில் தொடங்குகிறது. ஒரு செக்டர் 512 பைட். பெருக்கினால் 1048576, சரியாக ஒரு மெகாபைட். ஆனால் எக்ஸ்பி போட்ட டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும். 63 பெருக்கல் 512, 32256. நம் ஊர்த் தெருக்களில் கதவுக்குக் கதவு புது எண், பழைய எண் என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அதே கதைதான். பழைய வீட்டுக்குப் புது எண்ணைக் கொடுத்துத் தேடியிருக்கிறீர்கள்.

ஆனால் 32256ஐயும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் இமேஜையே கேளுங்கள். எஃப்டிஸ்க் -எல் என்று போட்டு இமேஜின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எங்கே தொடங்குகிறது என்று பட்டியல் வரும். எங்கள் டிஸ்க்கைப் பின்னால் மறுபடி முழுதாக எடுத்தபோது வந்தது இது: முதலாவது 63இல் தொடக்கம், 20482874இல் முடிவு. இரண்டாவது 20482875இல் தொடக்கம், வகை எக்ஸ்டெண்டட். அப்புறம் மூன்றும் நான்கும் இல்லாமல் நேரே ஐந்தாவது, 20482938இல் தொடக்கம்.

இங்கே ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். இரண்டாவதுதான் டி டிரைவ் என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மவுண்ட் செய்தேன். அதே பிழை. எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் வெறும் உறை, அதில் ஃபைல் சிஸ்டம் கிடையாது. அதற்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்களுக்கு லினக்ஸ் 5இல் இருந்துதான் எண் கொடுக்கும், முதல் நான்கும் பிரைமரிக்கு ஒதுக்கியவை. எக்ஸ்பி காலத்து டி டிரைவ் பெரும்பாலும் இந்த ஐந்தாம் எண்தான். கவனித்துப் பார்த்தால் உறையின் தொடக்கத்தில் இருந்து சரியாக 63 செக்டர் தள்ளித்தான் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. கையால் கணக்குப் போட்டால் அதன் ஆஃப்செட் 10487264256. ஒரு இலக்கம் தவறினாலும் மறுபடி "ராங் எஃப்எஸ் டைப்".

அதனால் கையால் போடவே வேண்டாம். லோசெட்அப் என்ற கட்டளை இருக்கிறது. லோசெட்அப் -ஆர் -பி -எஃப் --ஷோ, அதன்பின் இமேஜின் பெயர். இதில் பி மட்டும் பெரிய எழுத்து. நிர்வாகி உரிமைக்காக முன்னால் சூடோ சேர்த்துப் போடுங்கள். அது இமேஜை /டெவ்/லூப்0 மாதிரி ஒரு சாதனமாகக் காட்டி, பார்ட்டிஷன் டேபிளைத் தானே படித்து, லூப்0பி1, லூப்0பி5 என்று பிரித்துத் தந்துவிடும். அப்புறம் எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டால் எதில் என்டிஎஃப்எஸ், எதில் எஃப்ஏடி என்று தெரியும். சித்தப்பாவின் டி டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருந்தது. கடைசியாக மவுண்ட் -ஓ ஆர்ஓ, சாதனத்தின் பெயர், காலியான ஒரு ஃபோல்டர். அவ்வளவுதான்.

அந்த -ஆர் எழுத்தை விட்டுவிடாதீர்கள். மவுண்டில் ஆர்ஓ கொடுப்பது மட்டும் போதாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 மாதிரி ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) உள்ள ஃபைல் சிஸ்டம், படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் ஜர்னலைச் சரிசெய்ய இமேஜில் எழுதிவிடும். லோசெட்அப்பிலேயே -ஆர் கொடுத்தால் சாதனமே எழுத்தை ஏற்காது. அப்படியும் இஎக்ஸ்டி4 அடம்பிடித்தால் ஆர்ஓவோடு நோலோட் என்பதையும் சேருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோரெகவரி. விண்டோஸை ஒழுங்காக நிறுத்தாத என்டிஎஃப்எஸ் என்றால் "வால்யூம் இஸ் டர்ட்டி" என்று மறுக்கும். இதற்கு ஃபோர்ஸ் போடு, என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டு என்று நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். கையில் இருப்பது ஒரே பிரதி என்றால் இரண்டையும் செய்யாதீர்கள். படிக்க மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் திறந்துவிடும்.

இன்னொரு பொறி. ஃபைல் என்ற கட்டளையை இமேஜில் ஓட்டினால் "டாஸ் எம்பிஆர் பூட் செக்டர்" என்று வரும். அதை வைத்து முழு டிஸ்க் என்று முடிவு கட்டாதீர்கள். தனி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் இமேஜும் அப்படித்தான் தொடங்கும், அதே வரியில் கொஞ்சம் தள்ளி என்டிஎஃப்எஸ் என்ற பெயர் இருக்கும். அந்த மாதிரி இமேஜில் எஃப்டிஸ்க் ஓட்டினால் தலைகால் புரியாத எண்களோடு பொய்யான பார்ட்டிஷன் பட்டியல் வரும். அதற்கு ஆஃப்செட்டே தேவையில்லை, நேரே மவுண்ட் செய்யலாம்.

சரி, இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால்? டிமெஸ்ஜ் கட்டளையின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். மவுண்ட் மூடி மறைப்பதை லினக்ஸின் மையமான கெர்னல் அங்கே வெளிப்படையாகச் சொல்லும். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த இமேஜில் அங்கேதான் விடை கிடைத்தது. "பி1 சைஸ் எக்ஸ்டெண்ட்ஸ் பியாண்ட் இஓடி, ட்ரங்கேட்டட்" என்று இருந்தது. இமேஜ் முடிந்த பிறகும் பார்ட்டிஷன் நீள்கிறது, அதாவது இமேஜ் அறுந்திருக்கிறது. எல்எஸ் -எல் போட்டு அளவைப் பார்த்தேன். 4294967295 பைட். அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எஃப்ஏடி32இல் ஒரு ஃபைல் அதிகபட்சம் இருக்கக்கூடிய அளவு அதுதான், 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. இமேஜ் எடுத்துக் கொடுத்தவர் அதை எஃப்ஏடி32 பென் டிரைவில் போட்டிருக்கிறார். பாதியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. 78165360 செக்டர் உள்ள டிஸ்க்குக்கு 40020664320 பைட் இருந்திருக்க வேண்டும். டி டிரைவ் தொடங்குவதே பத்து ஜிபிக்கு அப்பால். அந்த இமேஜில் நான் எத்தனை நாள் தேடியிருந்தாலும் தாத்தாவின் ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

அதனால் உங்கள் இமேஜில் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்: எஃப்டிஸ்க் சொல்லும் கடைசிப் பார்ட்டிஷனின் முடிவுச் செக்டரோடு ஒன்று கூட்டி 512ஆல் பெருக்குங்கள். ஃபைலின் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் வேறு எதையும் முயல வேண்டாம், டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான்.

மறுபடி எடுக்கும்போது வழக்கமான நகலெடுக்கும் கட்டளையான டிடி வேண்டாம், டிடிரெஸ்க்யூ போடுங்கள். உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும். பழைய ஐடிஇ இணைப்பு உள்ள டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கினேன். தனி மின் இணைப்போடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். டிடியில் ஒரு ஆபத்து இருக்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் நிற்காமல் போக நோஎரர் என்று கொடுப்பார்கள். கூடவே சிங்க் கொடுக்காவிட்டால், படிக்காத பகுதி இமேஜில் இடமே பிடிக்காது. அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும், கணக்கு எதுவும் பொருந்தாது. டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் காலியாக விட்டு மேலே போகும். எதைப் படித்தோம், எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். முதல் சுற்று -என் போட்டு நல்ல பகுதிகளை எடுத்துவிடுங்கள், அடுத்த சுற்றில் -ஆர்3 போட்டு மோசமான இடங்களை மூன்று முறை முயலுங்கள். இமேஜை வைக்கும் டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருக்கவே கூடாது.

பெரிய டிஸ்க்குகளை யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கைச் செருகிக் கணினியில் இணைக்கும் பெட்டி) வைத்து இமேஜ் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சில டாக்குகள் 512 பைட் செக்டரை 4096 ஆகக் காட்டும். அங்கே பார்ட்டிஷன் போட்டுவிட்டு வேறு வழியாக இமேஜ் எடுத்தால் பார்ட்டிஷன் டேபிள் அர்த்தமில்லாமல் தெரியும். லோசெட்அப்பில் --செக்டர்-சைஸ் 4096 என்று சேர்த்துப் பாருங்கள்.

மவுண்ட் ஆன பிறகு இரண்டு விஷயம் நம்மவர்களுக்கு மட்டுமே வரும். எஃப்ஏடி பார்ட்டிஷனில் யூனிகோட் தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், காப்பியும் ஆகாது. யுமவுண்ட் கட்டளையால் மவுண்டை அவிழ்த்துவிட்டு, ஐஓசார்செட்=யுடிஎஃப்8 என்று சேர்த்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். அடுத்தது, ஃபைல் திறந்து உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அலங்கோலமாக இருந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டிடிபி கடைகளில் பாமினி மாதிரி எழுத்துருக்களில்தான் அடித்தார்கள். அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மாற்றினால் தமிழ் வந்துவிடும். தாத்தாவின் ஃபைலை முதலில் திறந்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சித்தப்பாதான், "இது பாமினிடா, ஃபாண்டை மாத்து" என்றார். மாற்றினேன். அறுபத்திரண்டு பக்கமும் இருந்தது. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வேண்டியதை வேறு டிரைவுக்கு நகலெடுத்த பிறகு யுமவுண்ட், அப்புறம் லோசெட்அப் -டி. யுமவுண்டில் யுவுக்கு அடுத்து என் எழுத்து கிடையாது. "டார்கெட் இஸ் பிஸி" என்று வந்தால் உங்கள் டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கும், வெளியே வாருங்கள்.

உங்கள் இமேஜின் அளவு பைட் கணக்கில் எவ்வளவு, எஃப்டிஸ்க் -எல் என்ன காட்டுகிறது, டிமெஸ்ஜ்ஜின் கடைசி வரிகள் என்ன, இந்த மூன்றையும் கீழே போடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன். அதுவரை அந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காமல் வைத்திருங்கள்.