மாதம் ஆறு ட்யூட்டி

அன்புள்ள ஐயா,

டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். காலை 7.15 செய்தி ஆரம்பித்தால் என் அப்பா பாதிச் சவரத்தோடு ரேடியோ பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். என் மகனுக்கும் கணீரென்ற குரல். வானொலிக்குப் போகச் சொல்லி எல்லோரும் அவனை உசுப்பிவிடுகிறார்கள். குரலை நம்பி ஒருவன் பிழைக்க முடியுமா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

டெல்லியில் சரோஜ் அம்மையார் பார்த்த வேலைக்குப் பெயரே 'செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர்'. செய்தி ஆங்கிலத்தில் வந்து குவியும். அதைத் தமிழாக்கி, பத்து நிமிடத்துக்குள் அடக்கி, அப்புறம்தான் மைக் முன்னால் உட்கார வேண்டும். பாதியில் ஏதாவது பெரிய செய்தி வந்தால் புதுத் தாள் உள்ளே வரும். முகத்தில் சோப்பு நுரையோடு உங்கள் அப்பா கேட்டது கடைசிப் பத்து நிமிடத்தை. அதுவரை நடந்ததெல்லாம் பேனா வேலை. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது எல்லோரும் குரலைத்தான் எழுதினார்கள். எனக்கு அது கொஞ்சம் குறையாகவே பட்டது.

தென்கச்சி கோ. சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயப் பட்டதாரி. 'கணீர்' என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். ஆனால் வானொலியில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' நேரத்தில் டீக்கடையில் கிளாஸ் சத்தம் அடங்கும். கதையைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்க மாட்டார், நாம்தான் சிரிப்போம்.

சரி, பிழைப்புக்கு வருகிறேன். நானும் இளவயதில் ஒரு வானொலி நிலையத்தில் கேஷுவல் அறிவிப்பாளனாக, அதாவது நிரந்தரமில்லாமல் கூப்பிடும் நாளுக்கு மட்டும் போகிறவனாக, இருந்தேன். மாதத்துக்கு ஆறு ட்யூட்டிதான், அதற்கு மேல் கிடையாது. இசைத்தட்டில் ஊசியை வைத்து, முதல் சத்தம் வரும் இடம் வரை ஓட்டி, அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் தள்ளி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு இழுத்துக்கொண்டு கிளம்பும். ஒரு நாள் பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை அணைக்க மறந்து, "டீ வந்தாச்சா?" என்று கேட்டேன். மாவட்டமே கேட்டது. எனக்கு ஒரு மெமோ. மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் வாங்க வாயைத் திறந்ததும் கண்டக்டர், "டீ வந்திருச்சா சார்?" என்றார்.

அந்தப் புகழோடுதான் பெண் பார்க்கப் போனோம். ரேடியோ மாப்பிள்ளை என்று தெருவே எட்டிப் பார்த்தது. பெண்ணின் சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாசத்துல எத்தனை நாள் தம்பி வேலை?" ஆறு என்றேன். காபியோடு திரும்பினோம். நான் டியூட்டோரியலில் பாடம் எடுக்கப் போனது அதற்கு அடுத்த வாரம்.

நிரந்தர வேலையில் இருந்தவர்களும் குரலோடு நின்றுவிடவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் பிறகு 'திட்டம்' இதழுக்கு ஆசிரியரானார், நாடகம் போட்டார், சினிமாவில் நடித்தார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலைக்கென்று தனியாக ஒரு நூலே எழுதினார். இன்றைய பண்பலைக்காரர்களும் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறார்கள், கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மகனைத் தடுக்க வேண்டாம். ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியைக் கொடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, தமிழில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். ழ, ள, ல மூன்றும் தனித்தனியாக விழுகிறதா என்று பாருங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருந்து கேளுங்கள். தாள் புரட்டுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாது.